வழி: கொழும்பு

கடல் கடந்து போய்க் கடாரத்தைப் பிடித்த சோழ ராஜாக்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருக்கிறார்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் விசா கிடையாது. யானையையும் குதிரையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனால் போதும், கரையில் நின்று “எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள்?” என்று கேட்க ஒரு குமாஸ்தா கூட இல்லை. விசா என்று ஒன்று வந்த பிறகு, அதை வாங்காமலே பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று ஒரு பெண்மணியை அனுப்பிவைத்ததுதான் சாதனை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் அதைச் செய்து காட்டியது ‘மணமேல்குடி வட்டார உலகப் பிரயாண ஆலோசனைக் கமிட்டி’. நான் அதன் காரியதரிசி, ஷேக் பரீது. கருவாட்டு வியாபாரம் என் உபதொழில்.

கமிட்டித் தலைவர் உயர்திரு ஆண்டியப்பன், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். திருவரங்குளத்துக்காரர். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. காலை நனைத்தால் அவருக்குச் சளி பிடித்துவிடும். ஆனால் ஆயுள் முழுக்க வெளிநாட்டுத் தபாலில் முத்திரை குத்தியவர். எந்தக் கடிதம் எந்தக் கப்பலில் ஏறி, எங்கே இறங்கி, எங்கே மாறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

பொருளாளர் சோலையப்பன். டீக்கடை அவருடையது, ரேடியோவும் அவருடையது, ஆகவே கமிட்டியின் தலைமைச் செயலகமும் அங்கேதான். காலையில் கடை திறந்ததிலிருந்து இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். கொழும்பில் ஒருவர் தும்மினால் மணமேல்குடியில் டீ குடிக்கிறவர் காதில் விழும். அந்தத் தும்மலை நிறுத்தி வைத்து விசாரிக்க இன்னும் சட்டம் வரவில்லை.

இப்படியொரு கமிட்டி உண்டானதற்குக் காரணம் என் அக்கா சாரா உம்மாள். எங்கள் ஜனங்கள் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவார்கள். லாத்தாவுக்கு ஒரே மகள், சம்சுன் நிஹார். கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சேக் அலாவுதீனுக்குக் கட்டிக்கொடுத்தோம். பெண் பேசின காலத்தில் கொழும்பு அடுத்த தெரு மாதிரிதான். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால், இங்கே கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அங்கே போய்ப் பிரித்துச் சாப்பிடலாம். பிறகு இரண்டு தேசத்துப் பெரியவர்களும் கூடி யோசித்தார்கள். நடுவில் கிடக்கும் கடல் ஆழம் போதாது என்று கண்டார்கள். விண்ணப்பத் தாள்களைக் கொட்டி அதை ஆழப்படுத்தினார்கள்.

இந்த நேரம் பார்த்து சம்சு முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். இதில் இந்து, முஸ்லிம் என்ற பேதமே எங்கள் வட்டாரத்தில் கிடையாது. ஆனால் மகள் இங்கே வந்தால், திரும்பிப் போகிற உரிமை காலாவதியாகிவிடும் என்றார்கள். சரி, தாய் அங்கே போகட்டும் என்றால் விசா வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தோம். அது ‘பரிசீலனையில்’ இருந்தது. சம்சுவின் வயிறு மாதாமாதம் வளர்ந்தது. விண்ணப்பம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

லாத்தா தூக்கம் கெட்டுப் போனார். “பெத்தவ கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தம்பி தலைப்பிள்ளையப் பெறணும். அந்த வலியில அது உம்மான்னு கத்துறப்ப, நான் இங்கிட்டு உக்காந்து சோலையப்பன் கடை ரேடியோவுல பாட்டுக் கேக்கவா?” என்று என்னிடம் கேட்டார். டீக்கடையில் போய் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அப்போதுதான் ஆண்டியப்பன் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“பரீது, மனுசனும் தபால்தான்.”

கடையில் ரேடியோவைத் தவிர எல்லாரும் வாயை மூடினோம்.

“கொழும்புக்குன்னு விலாசம் எழுதுன கடுதாசிய அங்க பிரிப்பான், பாப்பான், சந்தேகம்னா வச்சுக்குவான். ஆனா சிங்கப்பூருலேருந்து பம்பாய்க்குப் போற கடுதாசி, கொழும்புல மூட்டையோட மூணு நாள் கெடந்தாலும் ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். ஏன்னா அது வழியில போற தபால். அதே மாதிரிதான். கொழும்புக்குப் போறவுகளுக்குத்தான் விசா வேணும். கொழும்பு வழியாப் போறவுகளுக்கு வேணாம். கப்பல் நிக்கிற வரைக்கும் எறங்கி ஊரச் சுத்திட்டு ஏறிக்கிரலாம். கப்பல் கம்பெனியிலயே விசாரிச்சுட்டேன்.”

“அப்ப லாத்தா கொழும்புக்குப் போகணும்னா?”

“கொழும்புக்குப் போகவே கூடாது. பம்பாய்க்குப் போகணும். அதுவும் சிங்கப்பூருலேருந்து போகணும்.”

“எங்க லாத்தா சிங்கப்பூருல இல்லீங்களே ஐயா. மணமேல்குடியிலல்ல இருக்கு.”

“அதுக்குத்தான் மொதல்ல சிங்கப்பூரு போகணும்ங்கிறேன்” என்றார் ஆண்டியப்பன், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அப்படியாக, தெற்கே இருக்கிற ஊருக்குப் போக முதலில் கிழக்கே போவது என்றும், கிழக்கே போன பிறகு மேற்கே திரும்புவது என்றும், தெற்கைக் கடைசி வரை யாரிடமும் வாய் விட்டுச் சொல்வதில்லை என்றும் தீர்மானம் நிறைவேறியது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு, பினாங்கிலிருந்து சிங்கப்பூர், அங்கே வேறு கப்பல் மாறி, ‘தற்செயலாக’ மூன்று நாள் கொழும்பில் நின்று, பம்பாய். பம்பாயிலிருந்து ரயில். ஆண்டியப்பன் இத்துடன் ஏடனையும் மார்சேல் துறைமுகத்தையும் சேர்க்கலாம் என்றார். அந்த ஊர் முத்திரைகள் அவ்வளவு அழகாக இருக்குமாம். லாத்தாவிடம் போய்ச் சொன்னேன். “அந்தப் பிள்ளைக்குக் கலியாணமே முடிஞ்சு போயிரும். சும்மா இருக்கச் சொல்லு அந்த மனுசன” என்றார். ஏடன் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்து, காலப் பட்டியல். கப்பல் ஆவணி இரண்டாவது புதன்கிழமை கொழும்பு வந்து, சனிக்கிழமை புறப்படும். ஆகவே பிரசவம் புதனுக்கும் சனிக்கும் நடுவே நடந்தாக வேண்டும். இதற்காக மருத்துவச்சி மூக்காயியை ‘வைத்திய நிபுணர்’ என்ற முறையில் கமிட்டி அழைத்தது. மூக்காயி வெற்றிலைப் பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆண்டியப்பன் கேட்டார். “மூக்காயி, ரெண்டாவது புதனுக்கு மேல, சனிக்கு முன்னால பிள்ளை பொறக்கணும். ஏற்பாடு செய்ய முடியுமா?”

“எந்த ஊருலங்க?”

“கொழும்புல.”

“நான் இங்கிட்டு இருக்கேன், வயிறு அங்கிட்டு இருக்கு. நான் என்னத்த ஏற்பாடு செய்யிறது?” மூக்காயி நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள். “மாசக் கணக்குப் பாத்தா அந்த வாக்குலதான் வருது. ஆனா புள்ள அது பாட்டுக்குத்தான் வரும். நீங்க வேணா ஒங்க கப்பல நாலு நாள் கூட நிக்கச் சொல்லுங்க.”

நியாயமான யோசனை. கப்பல் கம்பெனிக்கு எழுதினோம். பதில் இல்லை. ஆகவே பிறக்கப்போகிற குழந்தைக்கே தந்தி கொடுப்பது என்று முடிவாயிற்று. குழந்தைக்குத் தனி விலாசம் இல்லாததால் தகப்பனார் பெயருக்கு அனுப்பினோம். “புதன் முதல் சனிக்குள் பிறக்கவும். கமிட்டி.” மருமகன் அலாவுதீன் பொறுப்பான பையன். மறுதந்தி வந்தது: “தகவல் தெரிவிக்கப்பட்டது.”

கடைசியாக ஒத்திகை. சோலையப்பன் வீட்டுப் பின்கட்டில் வைத்துக்கொண்டோம். ஆண்டியப்பன் தன் பழைய தபால் கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுக அதிகாரியாக நின்றார். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே வந்தார்.

“எந்த ஊருக்குப் போறீங்க?”

“பம்பாய்க்கு.”

“பேஷ். இந்த ஊருல ஒங்களுக்கு யாரு இருக்கா?”

“எம் மக.”

ஆண்டியப்பன் கோட்டைக் கழற்றினார். “அம்மா, ஒருத்தரும் இல்லேன்னு சொல்லணும். மக இருக்கான்னா நீங்க வழியில போற ஆள் இல்ல, பாக்க வந்த ஆள். பாக்க வந்த ஆளுக்கு விசா வேணும்.” மறுபடி கோட்டை மாட்டினார். “இந்த ஊருல ஒங்களுக்கு யாரு இருக்கா?”

“எம் மகதான் இருக்கா. வேற யாரு இருக்கா?”

கோட்டு கழன்றது. கோட்டு ஏறியது. சாயங்காலம் வரை இதே வேலை. ஒரு கட்டத்தில் லாத்தா தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஐயா, நிறை மாசமா இருக்கிறவ. அவள இல்லேன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்க. நான் சொல்ற நேரத்துல அங்க அவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? பெத்த வாயி ஐயா. பலிச்சிரும்.”

ஆண்டியப்பன் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். “கேக்க மாட்டாங்க, விடுங்க. போற வழியில போறவுகள யாரு கேக்கப் போறா?” என்று ஒத்திகையை முடித்துவைத்தார்.

சாமான் கட்டும்போது இன்னொரு சிக்கல். உலகம் சுற்றும் பயணியின் பெட்டியில் சுக்கு, திப்பிலி, பூண்டு, காயக்கட்டி, பழைய வேட்டித் துணி, எல்லாவற்றுக்கும் மேலே என் கடையிலிருந்தே எடுத்த பால்சுறாக் கருவாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைவிட வேறு மருந்து எங்கள் கரையில் கிடையாது. “இதப் பாத்தா யாராச்சும் உலகம் சுத்த வந்தவுகன்னு நம்புவானா?” என்று ஆண்டியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டார். “எனக்கு இந்த ஒலகம் சுத்துறது எல்லாம் வேணாங்க. இத மட்டும் கொண்டுபோய்ச் சேத்தாப் போதும்” என்றார் லாத்தா. கருவாடு பெட்டிக்கு அடியில் போனது. வாசனை மேலேயே இருந்தது.

புறப்பட்டோம். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாதென்று தம்பியாகிய நானும் கூடப் போனேன். கடல் பிரயாணத்தின் மகிமையை விவரிக்கும் அளவுக்கு நான் தலை நிமிர்ந்து இருக்கவில்லை. பெரும்பாலும் வாளிக்குள்தான் இருந்தேன். லாத்தா மட்டும் அசையவில்லை. எதிரே யாரைப் பார்த்தாலும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பினாங்கில் ஒரு தமிழ்க் குமாஸ்தா கேட்டார். “இந்த ஊருல தெரிஞ்சவுங்க யாரும் இருக்காங்களா?” லாத்தா வெகு சாதாரணமாக, “ஒருத்தரும் இல்ல ஐயா” என்றார். உண்மைதானே. அவர் உடனே இறங்கும் சீட்டைக் கொடுத்து, நன்றாகச் சுற்றிப் பாருங்கள் என்று வழியும் சொன்னார். சுற்றிப் பார்த்தோம். ஜாதிக்காய் ஊறுகாய் தின்றோம். சிங்கப்பூரில் ஒரு சீனர் கேட்டார், “ஒருத்தரும் இல்ல”, சீட்டு. அங்கே ரிக்ஷாவில் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று நான் வியந்தேன். ‘மகத்தான வெற்றி’ என்று ஆண்டியப்பனுக்குப் படம் போட்ட தபால் அட்டை எழுதிப் போட்டேன்.

புதன்கிழமை காலையில் கொழும்பு. கப்பல் நடுத் துறைமுகத்தில் நின்றது. மோட்டார்ப் படகில் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அலாவுதீன் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. விடியற்காலையிலேயே சம்சுவுக்கு வலி எடுத்துவிட்டது என்று கையாலேயே சொன்னான். பிள்ளை தந்திக்குக் கட்டுப்பட்டுவிட்டது. என்ன கீழ்ப்படிதல் என்று நான் பூரித்துப் போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். முதலில் என்னைக் கேட்டார். “இங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

அந்த நேரத்தில் என் அக்கா மகள் இந்த ஊரில் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாள். மருமகன் பத்தடி தூரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் தாய்மாமன். “ஒருத்தரும் இல்லை” என்றேன். நாக்கு கூசத்தான் செய்தது. அவர் புன்னகையோடு முத்திரை குத்தி, மிருகக்காட்சிசாலையை அவசியம் பார்க்கச் சொன்னார்.

அடுத்தது லாத்தா.

“உங்களுக்கு இங்கை ஆர் இருக்கினம், அம்மா?”

லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதிகாரி மறுபடி கேட்டார்.

“எம் மக இருக்கா. இப்ப அவளுக்கு வலி கண்டிருக்கு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, நான் காது கேக்காத ஆள் எண்டு வையுங்கோ. இன்னொருக்கால் கேக்கிறன். ஒருத்தருமில்லை எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. குத்திவிடுறன்.”

“லாத்தா, சொல்லு” என்றேன் நான். “மாமி, சொல்லிருங்க” என்று கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலாவுதீன் கெஞ்சினான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு செட்டியார் கூட, “சொல்லிடுங்க ஆச்சி, வெயிலா இருக்கு” என்றார். இத்தனை பேர் ஒரு பெண்பிள்ளையைப் பொய் சொல்லும்படி வேண்டிக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் ஒருவர் அரசாங்க அதிகாரி.

லாத்தா அந்தக் கம்பிக் கதவையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “இருக்கா ஐயா. அல்லா காப்பாத்தணும். இருக்கா” என்றார்.

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, “அப்ப நீங்கள் வழிப்பயணி இல்லை, அம்மா. சட்டம் அப்பிடி” என்றார்.

“தம்பி, நீ போ” என்று பெட்டியை என் கையில் கொடுத்தார் லாத்தா. “சுக்க நல்லா இடிக்கச் சொல்லு. சுறாவ மூணாம் நாளு குடுக்கச் சொல்லு.” அவரை மட்டும் படகில் ஏற்றி மறுபடி கப்பலுக்கு அனுப்பினார்கள்.

நான் போனேன். சம்சுவின் கையை ஒரு பக்கத்து வீட்டு சிங்கள அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. சம்சு “உம்மா, உம்மா” என்று கத்தியபோதெல்லாம், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவர் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளை விசா, சீட்டு, முத்திரை எதுவுமில்லாமல் நேராகக் கொழும்பில் இறங்கினான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் வயது வரவில்லை என்பதால் இருக்கலாம்.

சனிக்கிழமை நான் கப்பலில் ஏறின பிறகு, அலாவுதீன் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு துறைமுகப் படிக்கட்டில் வந்து நின்று தூக்கிக் காட்டினான். கப்பலிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. அவ்வளவுதான் தெரிந்தது. லாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டாது என்று தெரிந்தும், “தலைய மூடச் சொல்லு, காத்தடிக்குது, தலைய மூடச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரை மறைகிற வரைக்கும் சொன்னார். எனக்கு வாளி தேவைப்பட்டது, ஆனால் வாந்தி வரவில்லை.

ஊர் திரும்பியதும் வரவேற்புக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டி, லாத்தாவுக்குச் ‘சர்வதேசப் பிரயாணி’ என்ற பட்டம் கொடுக்க ஏற்பாடு. ஆண்டியப்பன் அறிக்கை வாசித்தார். “இறங்க முயன்ற துறைமுகங்கள் மூன்று. இறங்கியவை இரண்டு. அறுபத்தாறு சதவீதம். முதல் வகுப்புத் தேர்ச்சி. பேரனைப் பார்த்தல் என்ற குறிக்கோளும் நிறைவேறியது. தூரம்தான் சற்று அதிகம்.” பலத்த கைதட்டல். சோலையப்பன் சந்தன மாலையை நீட்டினார். இதே வழியில் இன்னும் பல தாய்மார்களை அனுப்பப் போவதாகத் தலைவர் அறிவித்தார். உலகம் எவ்வளவு பரந்தது, நாடுகள் வழிப்போக்கரை எப்படியெல்லாம் உபசரிக்கின்றன என்பது பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி லாத்தாவைக் கேட்டுக்கொண்டார்.

லாத்தா மாலையை வாங்கவில்லை. எழுந்து நின்று, ஒலிபெருக்கிக்குக் கொஞ்சம் தள்ளியே பேசினார்.

“பினாங்குல ஒனக்கு யாரு இருக்கான்னு கேட்டாங்க. ஒருத்தரும் இல்லேன்னேன். வாங்க வாங்கன்னாங்க. சிங்கப்பூருலயும் அப்படித்தான். கொழும்புல எம் மக இருக்கான்னேன். கப்பலுக்குப் போன்னுட்டாங்க.” பிறகு ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். “நல்ல யோசனையெல்லாம் சொன்னீங்க ஐயா. இன்னொரு யோசனையையும் முந்தியே சொல்லியிருக்கலாம். அவள நான் பெக்காம இருந்திருந்தா, அவ கையப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல இருந்திருப்பேன்.”